கைனக் ஆன்காலஜி பிரிவு: ஆபரேஷனுக்கு முழு மார்க், அதற்கப்புறம் உள்ளதற்குப் பாதி

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. நிறைய பாராட்டும் கொஞ்சம் திட்டும் இருக்கிறது, இரண்டையும் ஒளிக்காமல் எழுத பெயர் இல்லாமல் இருப்பதுதான் வசதி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் புற்றுநோய் மையத்தில் கருப்பை, சினைப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கென்றே தனியாக இயங்கும் பிரிவு அது. அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய்க்கு அங்கேதான் சிகிச்சை நடந்தது, கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். நட்சத்திரம் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று எங்கே போச்சு என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இதற்கெல்லாம் தனிப் பிரிவு எதற்கு, வழக்கமாகப் பார்க்கும் கைனகாலஜிஸ்டே எடுத்துவிட மாட்டாரா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம்.

அக்காவுக்கு 53 வயது, மாதவிடாய் நின்று சில வருஷம் ஆகிவிட்டது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் வேறு கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். சினைப்பைப் புற்றுநோய் அறிகுறியே காட்டாது என்று எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். காட்டத்தான் செய்கிறது, அதை அஜீரணக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான். 50 வயதுக்கு மேல் புதிதாக இப்படி ஆரம்பித்து, மாதத்தில் 12 தடவைக்கு மேல் வருகிறது என்றால், ஒரு ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் (சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது) கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம்.

கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சினைப்பையில் கட்டி தெரிந்தது, சிஏ-125 அளவு 180. முதலில் காட்டிய இடத்தில், "நீர்க்கட்டிதான், லேப்ராஸ்கோப்பியில எடுத்துடலாம், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்று தேதியே குறித்துவிட்டார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர்தான் எங்களை வெளியே நிறுத்தி, இதை எடுப்பதற்கு முன் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றார். அந்த மனுஷனுக்குக் கோடி நன்றி.

இந்தப் பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் பொறுப்பு. முதல் நாளே எனக்குப் பிடித்துப்போனது அவர்தான். ஃபைலைப் பிரித்தார், ஸ்கேன் கவரின் பின்பக்கம் பேனாவால் மூன்று எண் எழுதினார். ஸ்கேனில் சந்தேகப்படும்படியான அடையாளங்கள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றிருந்தால் இன்னொரு 3. அப்புறம் சிஏ-125 அளவு. மூன்றையும் பெருக்கினால் 1620. இந்தப் பெருக்கல் 200-ஐத் தாண்டினாலே புற்றுநோய் நிபுணரிடம் போக வேண்டும், 1990-இலிருந்து இருக்கிற கணக்கு இது. "இது புற்றுநோய்னு சொல்ற கணக்கு இல்லக்கா, கத்தி யார் கையில இருக்கணும்னு சொல்ற கணக்கு" என்றார். சிஏ-125-ஐ மட்டும் பார்த்து அலறவும் வேண்டாம், நிம்மதிப்படவும் வேண்டாம் என்றும் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு மாதிரி புற்றுநோய் அல்லாத கருப்பைக் கோளாறுகள் இருந்தால், ஏன், மாதவிடாய் நாட்களில்கூட அது நார்மலான 35-ஐத் தாண்டும். ஆரம்பக் கட்டச் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது ஏறவே ஏறாது.

கத்தி யார் கையில் என்பது ஏன் பெரிய விஷயம்? சினைப்பைக்குள்ளேயே நின்றிருக்கும் ஒரு புற்றுநோய்க் கட்டியை, நீர்க்கட்டி என்று நினைத்து வயிற்றுக்குள் உடைத்து எடுத்தால், 1ஏ என்று எழுதியிருக்க வேண்டிய ஸ்டேஜ் அந்த மேஜையிலேயே 1சி ஆகிவிடும். கீமோவே இல்லாமல் தப்பித்திருக்கக்கூடிய ஒருத்திக்குக் கீமோ வந்து சேரலாம். அக்காவுக்கு நோய் ஏற்கெனவே அதைத் தாண்டிப் போயிருந்தது, குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில், அதாவது ஒமென்டத்தில், படிந்திருந்தது. நீர்க்கட்டிக்கு என்று உள்ளே போன டாக்டர் அதைப் பார்த்துவிட்டு மூடிவிட்டு வந்திருப்பார், எங்களுக்கு இரண்டாவது ஆபரேஷனும் வந்து சேர்ந்திருக்கும்.

அடுத்து டியூமர் போர்டு. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் பார்ப்பவர், பயாப்ஸி பார்ப்பவர் எல்லாரும் வாரம் ஒரு நாள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகப் பேசுகிறார்கள். நோயாளிக்கு அங்கே இடமில்லை, முடிவை மட்டும் மறுநாள் சொல்வார்கள். வெளியில் பயாப்ஸி செய்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், ஸ்லைடையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிப் போங்கள். இங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார்கள், பிளாக் இல்லையென்றால் அதற்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

போர்டு சொன்ன முடிவு எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஸ்டேஜ் 3சி, முதலில் மூன்று கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மூன்று கீமோ. அத்தானுக்கு வந்ததே கோபம். கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பார்களா, தேதி இல்லாததால் தள்ளிப் போடுகிறார்கள் என்றே நினைத்துவிட்டார். சர்ஜன் அவரை உட்கார வைத்து, முன்பே வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார். சிறுகுடலின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "இப்ப உள்ள போனா இதை முழுசா எடுக்க முடியாது. மிச்சம் விட்டுட்டு வர்றதுக்கு வயித்தைத் திறக்கக் கூடாது" என்றார். இந்த நோயில் ஆபரேஷன் முடியும்போது கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் அடுத்து வரும் வருஷங்களை ரொம்பவே தீர்மானிக்கிறது. கீமோ முதலில் கொடுத்து அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் உயிர்வாழும் காலம் குறையவில்லை, ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்கள் குறைந்தன என்று 2010-இல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது, கிட்டத்தட்ட 670 பெண்களை வைத்து நடத்தியது. அத்தான் அரை மனதோடு தலையாட்டினார்.

எனக்கு அந்த டாக்டரிடம் நம்பிக்கை வந்தது அவர் என்ன எடுப்பேன் என்று சொன்னதைக் கேட்டு இல்லை, என்ன எடுக்க மாட்டேன் என்று சொன்னதைக் கேட்டு. நெறிகட்டிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்துவிடுங்களேன், எதற்கு ரிஸ்க் என்று நாங்கள் கேட்டோம். வீக்கமில்லாமல் நார்மலாகத் தெரியும் நெறிகட்டிகளை எடுப்பதால் முற்றிய சினைப்பைப் புற்றுநோயில் ஆயுள் கூடுவதில்லை, சிக்கல்தான் கூடுகிறது, 2019-இல் லயன் ஆய்வு அதைக் காட்டிவிட்டது என்றார். தேவையில்லாததைச் செய்யாமல் விடத் தெரிந்திருப்பதற்கு ஒரு நட்சத்திரம் தனியாகவே கொடுக்கலாம்.

இதே மாதிரி இன்னொன்று, பக்கத்துப் படுக்கையிலிருந்த பெண் மூலம் தெரிந்துகொண்டது. அவருக்கு ஆரம்பக் கட்டக் கருப்பைவாய்ப் புற்றுநோய். வெளியில் ஒரு இடத்தில் கீஹோலில், அதாவது சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில், செய்கிறோம், தழும்பே இருக்காது என்றார்களாம், இங்கே வயிற்றைத் திறந்துதான் செய்வோம் என்றார்கள். அவருக்கு இது பழைய காலத்து ஆஸ்பத்திரியோ என்று சந்தேகம். விஷயம் நேரெதிர். 2018-இல் லாக் என்ற ஆய்வு வந்தது, 631 பெண்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் பெரிய கருப்பை நீக்கத்தை கீஹோலில் செய்தவர்களில் நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86 சதவீதம், திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம். உலகம் முழுக்க சர்ஜன்கள் அதற்கப்புறம் திரும்பத் திறந்து செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்க்குக் கீஹோல் நன்றாகவே ஒத்துவருகிறது, அதற்கு இதே பிரிவில் கீஹோலில்தான் செய்கிறார்கள். ஒரே உறுப்பு, கருப்பைவாயில் வந்தால் ஒரு முறை, உள்ளே வந்தால் வேறு முறை. இந்த வித்தியாசம் தினமும் இதையே செய்பவருக்குத்தான் கைவந்திருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஸ்டோமா நர்ஸ் வந்தார். குடலில் ஒட்டியிருந்தால் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டி வரலாம், அப்படியானால் தற்காலிகமாக வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம். அக்காவை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனியச் சொல்லி, உள்பாவாடை நாடா எங்கே கட்டுவாள் என்று கேட்டு, நாடாவும் மடிப்பும் படாத இடமாகப் பார்த்து மார்க்கர் பேனாவால் இரண்டு வட்டம் போட்டார். படுத்திருக்கும்போது சரியாகத் தெரியும் இடம் உட்கார்ந்தால் மடிப்புக்குள் போய்விடுமாம். பை தேவைப்படவில்லை, மறுவாரம் வரைக்கும் அந்த வட்டம் மட்டும் அழியாமல் இருந்தது. ஆனால் தேவைப்பட்டிருந்தால் அவள் நாலு பேர் மத்தியில் உட்கார்ந்து எழுவது எப்படி என்று ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கிறார் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பெரிதாகப் பட்டது.

உள்பரிசோதனையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார்கள், ஒரு நர்ஸ் கூடவே நின்றார், மாணவர்கள் பார்க்கலாமா என்று கேட்டபோது அக்கா வேண்டாம் என்றாள், முகம் சுளிக்காமல் வெளியே போனார்கள். இது எல்லா இடத்திலும் நடக்க வேண்டியதுதான். நடப்பதில்லை என்பது இதைப் படிக்கும் பெண்களுக்குத் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண்ணுக்குத் தெரிந்து எதுவும் மிச்சமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது ரத்தம் கட்டாமல் இருக்க 28 நாளைக்கு வயிற்றில் போடும் ஊசிகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இடுப்பெலும்புப் பகுதியில் புற்றுநோய்க்காகப் பெரிய ஆபரேஷன் செய்தால் காலில் ரத்தக்கட்டி வரும் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும் என்பதால். போடப் பழக்கியது என்னையும் அத்தானையும். அத்தானுக்குக் கை நடுங்கியது, கடைசியில் அக்காவே ஊசியைப் பிடுங்கித் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள்.

கீமோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. முடி போகும் என்பதை எல்லாரும் சொல்வார்கள். விரல் நுனி மரத்துப்போய் ரவிக்கைக் கொக்கி போட முடியாது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மரப்பு ஆரம்பித்த உடனே சொல்லிவிடுங்கள், டோஸைக் குறைக்கவோ மாற்றவோ வழி இருக்கிறது, பொறுத்துக்கொண்டிருந்தால் சில பேருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும்.

ஜீன் பரிசோதனைக்கு நாங்கள் கேட்காமலே எழுதிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வந்திருக்கும் வகையில் எல்லாருக்குமே பிஆர்சிஏ (கோளாறு இருந்தால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் ஜீன்கள்) பார்க்க வேண்டும், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும். பிஆர்சிஏ-2-இல் கோளாறு என்று வந்தது. அதனால் அவளுக்கு ஒரு நன்மை உண்டு: கீமோ முடிந்த பிறகு ஒலாபரிப் மாத்திரை இரண்டு வருஷம். இந்த ஜீன் கோளாறு உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதை அது வெகுவாகத் தள்ளிப்போடுகிறது என்பது 2018-இல் வெளியான சோலோ-1 ஆய்விலிருந்து தெரிந்தது. ரத்தசோகை வருகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும், களைப்பும் இருக்கிறது. அப்புறம் எங்கள் முறை, அதாவது கூடப்பிறந்தவர்கள். ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பி, "எனக்கெதுக்குடி சினைப்பை டெஸ்ட்டு" என்று சிரித்தான். எனக்கு இல்லை, அவனுக்கு இருக்கிறது. ஆண்களுக்கு இதனால் புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் வாய்ப்புக் கூடும், அவனுடைய இரண்டு பெண்களுக்கும் அது போயிருக்கலாம். அவர்கள் பெரியவர்களான பிறகு தாங்களே முடிவு செய்து பார்த்துக்கொள்ளட்டும், இருந்தால் 40, 45 வயதுக்குள் சினைப்பையையும் சினைக்குழாயையும் எடுத்துவிடுவதைப் பற்றி அப்போது பேசலாம் என்று ஜெனடிக் கவுன்சிலர் பொறுமையாகச் சொன்னார். தம்பியிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். பில்லில் அந்த நேரத்துக்கு எதுவும் இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன்.

காத்திருக்கும் ஹால். கர்ப்பிணிகளுக்கும் எங்களுக்கும் ஒரே ஹால், ஒரே டோக்கன் மெஷின். கருப்பை இழந்துவிட்ட, குழந்தையே இல்லாத முப்பது வயதுப் பெண் ஒருத்தி, வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நடுவில், சுவரில் குழந்தைப் படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய ஆபரேஷன் தியேட்டர் கட்டியவர்களுக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்ட முடியாதா? புகார்ப் புத்தகத்தில் எழுதினேன். எனக்கு முன்பே பல பேர் அதையே எழுதியிருந்தார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் நர்ஸின் போன் நம்பர் கொடுப்பார்கள், வேலை நாளில் எடுப்பார், லீவு நாளில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கீமோவில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் உடனே வர வேண்டும் என்று கார்டில் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். காய்ச்சல் என்ன வேலை நாள் பார்த்தா வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவசரப் பிரிவில் இருந்த சின்ன டாக்டருக்கு அந்தக் கார்டின் அர்த்தத்தை நான்தான் விளக்கினேன். வெள்ளை அணு குறைந்த ஒருவருக்கு ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும், எங்களுக்கு அதைவிட ரொம்ப நேரம் ஆனது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

அப்புறம், யாரும் வாயே திறக்காத விஷயம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷனும், உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் ப்ராக்கிதெரபியும் எடுத்த இன்னொரு பெண்ணை வார்டில் தெரியும். அவருக்குச் சிகிச்சையைக் கடிகாரம் பார்த்துச் செய்தார்கள், எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பதில் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்கவில்லை, மெஷின் பழுதானபோது சனிக்கிழமை கூப்பிட்டுச் சரிக்கட்டினார்கள். பிரமாதம். கடைசி நாளன்று ஒரு டப்பாவும் ஒரு காகிதமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டப்பாவில் சிறியதிலிருந்து பெரியது வரை பிளாஸ்டிக் குழாய்கள். ரேடியேஷனுக்குப் பிறகு யோனி சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாரத்துக்குச் சில தடவை பயன்படுத்த வேண்டிய டைலேட்டர் அது. தாம்பத்தியத்துக்கு மட்டுமில்லை, பின்னால் டாக்டர் உள்ளே பார்த்து நோய் திரும்பியிருக்கிறதா என்று சொல்வதற்கும் அது தேவை. அவர் அது என்னவென்று தெரியாமல் பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தார். என்னிடம் கேட்டார், நான் அக்காவின் நர்ஸிடம் கேட்டேன், நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு கால் மணி நேரத்தில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கால் மணி நேரம் ஏன் யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை?

அக்காவிடமும் யாரும் கேட்கவில்லை. எரிச்சல், வறட்சி, கணவரைப் பக்கத்தில் வர விடாதது எதையும் கேட்கவில்லை. 53 வயதாகிவிட்டதால் அதெல்லாம் முடிந்த கதை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள் போல. சின்ன வயதிலேயே சினைப்பை எடுக்கப்பட்டவர்கள் நிலைமை இன்னும் மோசம், ராத்திரியோடு ராத்திரியாக மாதவிடாய் நின்ற நிலைக்குப் போய்விடுகிறார்கள், உடம்பு கொதிக்கிறது, எலும்பு தேய ஆரம்பிக்கிறது. ஹார்மோன் மாத்திரை எல்லாப் புற்றுநோய்க்கும் கூடாது என்றில்லை, வகையைப் பொறுத்தது. நீங்களாகவே கேளுங்கள். இந்தப் பிரிவில் கேட்டால் நன்றாகப் பதில் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். போன அந்த ஒரு நட்சத்திரம் இதற்குத்தான்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். அதிலும் ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. சிஏ-125 ஒவ்வொரு தடவையும் பார்க்கட்டுமா வேண்டாமா என்று அக்காவிடமே கேட்டார்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் இந்த அளவு ஏறியதை மட்டும் பார்த்து முன்கூட்டியே கீமோ ஆரம்பித்தவர்கள், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்று 2010-இல் ஒரு ஆய்வு முடிவு வந்தது. புதுப் புது மருந்துகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியும் இருக்கிறது என்று இரண்டு பக்கத்தையும் சொன்னார்கள். அக்கா யோசித்துவிட்டு, உடம்பில் ஏதாவது தெரிந்தால் பார்க்கலாம், மற்றபடி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அத்தானுக்கு இதிலும் சம்மதமில்லை, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் தனியாகப் பேசப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேசட்டும், ஆனால் ஊசி குத்த வேண்டியது அவர் கையில் இல்லையே என்கிறாள் அக்கா.